நிமிர்ந்து நிற்கும் மண்

குழாய் பதிக்கத் தோண்டிய கிடங்கின் விளிம்பிலிருந்து ஏறத்தாழ மூன்று அடி தள்ளி, தார் வீதியின் மேல், கிடங்குக்குச் சமாந்தரமாக ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. ஒரு நாணயத்தின் தடிப்புக்கூட அதற்கு இல்லை. காலை எட்டு மணிக்கு நான் அதைக் கண்டேன். குனிந்து விரலால் தடவியும் பார்த்தேன். பக்கத்தில் நின்ற பாஸ் (மேஸ்திரி), "அது பழைய தார் வெடிப்பு சேர், போன வருஷமும் இருந்தது" என்றார். நானும் தலையாட்டிவிட்டு, நாட்குறிப்பேட்டில் 'நிலைமை திருப்தி' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். பதினொரு மணிக்குச் சற்று முன்னர், அந்த வெடிப்பு ஓடியிருந்த கோட்டிலிருந்து தாரும் சல்லியும் அவற்றுக்குக் கீழிருந்த செம்மண்ணும் ஒரே துண்டாகக் கழன்று, மதில் சாய்வதைப் போலக் கிடங்குக்குள் சாய்ந்தன. உள்ளே முழந்தாளிட்டுக் குழாய்க்கு அடியில் மணலைச் சமப்படுத்திக்கொண்டிருந்த பதுளைப் பக்கத்துத் தம்பி ஒருவர், மேலேயிருந்து நீர்மட்டக் கருவியை வாங்குவதற்காக அந்தக் கணத்தில்தான் எழுந்து நின்றிருந்தார். அதனால் தொடை வரைதான் புதைந்தார்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஓர் ஐப்பசி மாதத்தில், கொட்டாஞ்சேனையின் ஓர் ஒழுங்கையில் நடந்தது இது. நான் அப்போது ஓர் உபகொந்தராத்துக்காரரிடம் தொழினுட்ப உத்தியோகத்தராக இருந்தேன். வேலை பெரிதல்ல, ஒன்பது அங்குல விட்டமுள்ள கழிவுநீர்க் குழாய், ஆறரை அடி ஆழம், இரண்டரை அடி அகலம். களத்தில் எவரும் இதை அகழி என்று சொல்வதில்லை. கிடங்கு என்றுதான் சொல்வோம். கொழும்பில் நாள்தோறும் இப்படி எத்தனையோ கிடங்குகள் காலையில் திறக்கப்பட்டு மாலைக்குள் மூடப்படுகின்றன. அவற்றில் ஒன்றின் ஓரத்தில் நின்று நான் செய்த பிழையைப் பற்றியும், அதற்குப் பிறகு மண்ணைப் பற்றிக் கற்றுக்கொண்டவற்றைப் பற்றியும் எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். இந்த வாரத்து மழை அதற்கு நேரம் கொடுத்திருக்கிறது.

முதலில் அவரை வெளியே எடுக்க ஆன ஒன்றரை மணிநேரத்தைச் சொல்லிவிடுகிறேன். தொடை வரை புதைந்த ஒருவரை இரண்டு பேர் கைகொடுத்துத் தூக்கிவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள், நாங்களும் நினைத்தோம். கக்கத்தில் கைகொடுத்து இழுத்தபோது அவர் போட்ட அலறலில் பக்கத்து வீட்டு மாடியிலிருந்தவர்கள் வெளியே வந்துவிட்டார்கள். கால் அசையவே இல்லை. ஈரமண் காலைச் சுற்றி இறுகிவிட்டால், காலை மேலே இழுக்கும்போது அதன் அடியில் வெற்றிடம் ஒன்று உண்டாகி, அதுவும் சேர்ந்து கீழ்நோக்கி இழுக்கும். கயிறு கட்டி இழுத்திருந்தால் இடுப்பு மூட்டு கழன்றிருக்கும். மண் தோண்டும் பெக்கோவின் ஓட்டுநர் உதவி செய்யும் நல்லெண்ணத்தோடு இயந்திரத்தை முடுக்கினார். வயதான தொழிலாளி ஒருவர் ஓடிப்போய் அதன் முன்னால் நின்று, "எஞ்சினை நிப்பாட்டு, மற்றப் பக்கமும் விழும்" என்று கத்தினார். அன்று அந்த இடத்தில் சரியாக யோசித்த ஒரே ஆள் அவர்தான். பக்கத்துக் கட்டடத்திலிருந்து தட்டடிக்கும் பலகைகளை வாங்கி வந்து, எதிர்ச்சுவரில் சார்த்தி, குறுக்கே மரச்சட்டங்களை இறுக்கிய பின்னர்தான் இரண்டு பேரை உள்ளே இறக்கினோம். பிறகு வெறுங்கையாலும் தாச்சியாலும் மண் அள்ளினோம். மண்வெட்டி வேண்டாம் என்றார் அதே பெரியவர். எங்கே கால், எங்கே மண் என்று தெரியாத இடத்தில் மண்வெட்டி இறங்கக்கூடாது. தீயணைப்புப் படையினர் வந்துசேரும்போது முழங்கால் வரை தோண்டிவிட்டிருந்தோம். தம்பி வெளியே வந்தார். இடது சப்பாத்து வரவில்லை.

அவர் எழுந்து நில்லாமல் முழந்தாளிட்ட நிலையிலேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை விளக்க மருத்துவ அறிவு அதிகம் தேவையில்லை. ஒரு கன மீற்றர் ஈரமண் ஏறத்தாழ 1.8 தொன் நிறையுள்ளது. ஐம்பது கிலோச் சீமெந்துப் பை 36 என்று வைத்துக்கொள்ளலாம். மண்ணில் புதைந்தவர் தலை மூடுண்டு மூச்சுத்திணறித்தான் இறப்பார் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல, முகம் வெளியே தெரிந்துகொண்டிருக்கும்போதே மூச்சு நிற்கலாம். மூச்சை வெளியே விடும்போது நெஞ்சு சுருங்குகிறது, சுருங்கிய இடத்தை மண் உடனே நிரப்புகிறது, அடுத்த மூச்சுக்கு நெஞ்சு விரிய இடமில்லை. சில நிமிடங்களில் முடிந்துவிடும். நெடுநேரம் நசுங்கிக் கிடந்த தசையிலிருந்து பொற்றாசியம் முதலானவை இரத்தத்தில் கலந்து, வெளியே எடுத்த பின்னர் இதயத்தையோ சிறுநீரகத்தையோ தாக்குவதும் உண்டு. ஆகவே, "ஒன்றுமில்லை, நான் நல்லாத்தான் இருக்கிறேன்" என்று அவர் சொன்னாலும் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்சில் ஏற்றி அனுப்பத்தான் வேண்டும். அன்று எங்கள் தம்பியும் அப்படித்தான் சொன்னார்.

அந்தச் சுவர் காலையிலிருந்து மூன்று மணிநேரம் நெட்டென நின்றது. பெக்கோவின் வாளிப் பற்கள் கீறிய தடம்கூட அழியாமல், பொலிவாக, வெண்ணெயை வெட்டியதைப் போல நின்றது. அதுதான் எங்களை ஏமாற்றியது. 'நிற்கிற சுவர் நிற்கும்' என்ற நம்பிக்கை கொழும்புக்காரருக்கு இயல்பாகவே உண்டு. ஏனென்றால் கொழும்பின் மேட்டுநிலம் பெரும்பாலும் கபுக் மண். வெட்டும்போது மெதுவாக இருந்து, காற்றுப் பட்டதும் இறுகிப்போகும் இந்தச் செம்புறைக் கல்லைச் செங்கட்டியாக வெட்டி எடுத்துத்தான் நம் பாட்டன்மார் வீட்டுச் சுவர்களைக் கட்டினார்கள். சுவர் கட்டிய மண் தானே சுவராக நிற்காதா என்ற எண்ணம் எல்லோர் மனத்திலும் இருக்கிறது. ஆனால் கபுக் எங்கும் ஒரே தன்மையாக இருப்பதில்லை. மேலே கல்லைப் போன்ற ஓடு, அதற்குக் கீழே வெளிறிய, சோப்பைப் போல வழுக்கும் களி என்று அடுக்கடுக்காக இருக்கும். மேல்ஓட்டைப் பார்த்துத் தைரியம் கொண்டு இறங்குபவரின் முழங்காலுக்கு நேரே அந்தக் களி இருக்கும்.

மண் ஏன் நிற்கிறது, ஏன் பிறகு விழுகிறது என்பதை விளங்கிக்கொள்ள வெள்ளவத்தைக் கடற்கரைக்குப் போனால் போதும். சிறுவர்கள் கட்டும் மணல்வீட்டைப் பாருங்கள். காய்ந்த மணலில் வீடு நிற்காது; அலை வந்து நனைத்த மணலிலும் நிற்காது; இடைப்பட்ட ஈரத்தில் மட்டும் நெட்டென நிற்கும். மணிகளுக்கு இடையிலுள்ள சிறு நீர்த்துளிகளின் மேற்பரப்பு இழுவிசை மணிகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்திருப்பதே காரணம். கிடங்கின் சுவரும் பெரும்பாலும் இந்தப் பிடியில்தான் நிற்கிறது. வெயிலில் காய்ந்தாலும் அந்தப் பிடி போகும், மழையில் ஊறினாலும் போகும். மண்ணின் பிணைவை (மணிகள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் வலுவை) நான்கால் பெருக்கி அதன் அலகு நிறையால் (ஒரு கன மீற்றரின் நிறையால்) வகுத்தால், நெட்டாக வெட்டிய சுவர் எவ்வளவு உயரத்துக்குத் தாங்கும் என்பதற்கு ஒரு தோராயமான எண் கிடைக்கும். பிணைவு 15 கிலோபஸ்கல், அலகு நிறை கன மீற்றருக்கு 18 கிலோநியூட்டன் என்று கொண்டால் 3.3 மீற்றர். அதே மண் மழையில் ஊறிப் பிணைவு 5 ஆகக் குறைந்தால் 1.1 மீற்றர். காலையில் பத்தடிக்குத் தாங்கிய மண் மாலையில் நாலடிக்குத் தாங்காது. இடையில் எவரும் அதைத் தொடவில்லை. மழை மட்டும்தான் பெய்தது. விளிம்பில் வெடிப்பு விழுந்துவிட்டால் இந்தக் கணக்கும் பொய்த்துவிடும்; வெடிப்புக்குள் நிரம்பும் தண்ணீர் சுவரைப் பின்னாலிருந்து தள்ளத் தொடங்கும்.

கொழும்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. இந்நகரத்து வீதிகளில் கன்னிமண் என்பதே அரிது. குடிநீர், கழிவுநீர், மின்சாரம், தொலைபேசி என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு காலத்தில் தோண்டி, போட்டு, மூடிவிட்டுப் போன பழைய கிடங்குகளின் ஓரமாகத்தான் நாம் புதிதாகத் தோண்டுகிறோம். கழிவுநீர்க் குழாய்களில் சில இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போடப்பட்டவை. ஒருமுறை கிளறி மூடிய மண், எத்தனை ஆண்டு கழிந்தாலும், பக்கத்திலுள்ள இயற்கை மண்ணோடு முழுமையாக ஒட்டிக்கொள்வதில்லை. எங்கள் ஒழுங்கையில் நடந்ததும் அதுதான். பாஸ் 'பழைய தார் வெடிப்பு' என்று சொன்னது பொய்யல்ல. அது பழைய குடிநீர்க் குழாய்க் கிடங்கொன்றின் விளிம்பு. அந்தக் கிடங்கின் நிரப்புமண்தான் இரண்டு பக்கமும் பிடிமானம் இல்லாமல் தனிப் பலகைபோல நின்று சாய்ந்தது. வெடிப்பு பழையதாக இருப்பது ஆறுதலல்ல என்பதையும், தாரில் தெரியும் பழைய ஒட்டுத் தடங்களே கீழே என்ன இருக்கிறது என்பதற்கான வரைபடம் என்பதையும் அன்று தெரிந்துகொண்டேன். இப்போது தோண்டுவதற்கு முந்தின நாள் மாலை அந்த ஒழுங்கையை ஒருமுறை நடந்து பார்ப்பேன். ஒட்டுத் தடம் எங்கே போகிறது, மூடி எங்கே இருக்கிறது, எந்தச் சுவரோரம் எப்போதும் பாசி பிடித்து ஈரமாக இருக்கிறது என்று பார்ப்பேன். ஒழுகும் குழாயை வரைபடம் காட்டாது, பாசி காட்டும்.

கபுக் மேட்டை விட்டு இறங்கினால் நிலம் வேறு. கொலன்னாவைப் பக்கமும் பெல்லன்வில, அத்திடியப் பக்கமும் கறுத்த சதுப்பு மண். அதன் நிறையில் மண்ணைவிடத் தண்ணீரே அதிகம். அங்கே பக்கச்சுவர் விழுவதோடு கிடங்கின் அடியும் மேலே பொங்கி வரும். கரையோரமாக வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் மணல். சில அடி இறங்கியதும் தண்ணீர் ஊறும். அந்தத் தண்ணீரைக் கிடங்குக்குள்ளேயே பம்ப் வைத்து இறைக்கும்போது, தண்ணீரோடு நுண்மணலும் சேர்ந்து வெளியேறி, கண்ணுக்குத் தெரியாமல் சுவருக்குப் பின்னால் பொந்து விழுந்துகொண்டிருக்கும். பம்பிலிருந்து வரும் தண்ணீர் தெளிவாக இருக்கிறதா, கலங்கலாக இருக்கிறதா என்று ஒரு வாளியில் பிடித்து வைத்துப் பார்க்கும் வழக்கம் எனக்கு அப்படித்தான் வந்தது. வாளியின் அடியில் மணல் படிந்தால் பம்பை நிறுத்திவிட்டு ஆட்களை மேலே எடுக்க வேண்டும். பெற்றோல் பம்பைக் கிடங்குக்குள் இறக்கி ஓடவிடுவதையும் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு ஆளைத் தூங்கவைத்தபடியே கொல்லும். பழைய கழிவுநீர்க் குழாயைத் திறக்கும் இடத்தில் ஐதரசன் சல்பைட்டு என்ற நச்சுவாயு வேறு. அது ஒரு தனிப் பதிவுக்குரிய விடயம்.

மண்ணைத் தடுக்க மூன்று வழிகள்தான் இருக்கின்றன: சரித்து வெட்டலாம், பலகையடித்து முட்டுக் கொடுக்கலாம், அல்லது இரும்புப் பெட்டியொன்றை இறக்கி அதற்குள் ஆளை நிறுத்தலாம். சரித்து வெட்டுவதுதான் மிக எளிது என்று புத்தகங்கள் சொல்லும். அமெரிக்க விதிப்படி மிக நலிந்த வகை மண்ணில் ஒரு அடி ஆழத்துக்கு ஒன்றரை அடி வீதம் இரு புறமும் சரிக்க வேண்டும். அதாவது ஏறத்தாழ 34 பாகைச் சாய்வு. எங்கள் ஆறரை அடிக் கிடங்குக்கு இதைப் போட்டுப் பார்த்தால் மேல்வாயின் அகலம் இருபத்திரண்டு அடி வரும். ஒழுங்கையின் அகலமோ பன்னிரண்டு அடி. இரு புறமும் வீட்டு மதில்கள். எனவே, கொழும்பின் ஒழுங்கைகளில் சரித்து வெட்டுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. முட்டுக் கொடுப்பது அல்லது பெட்டி, இரண்டிலொன்றுதான்.

முட்டுக் கொடுப்பதில் எல்லோரும் தவறவிடுவது அதைச் செய்யும் வரிசையை. முட்டில்லாத கிடங்குக்குள் ஆளை இறக்கி முட்டுக் கொடுக்கச் சொல்வது, நீந்தத் தெரியாதவனைக் கிணற்றில் தள்ளி நீந்தப் பழக்குவதைப் போன்றது. பலகையை மேலிருந்தபடியே இறக்கி, முதல் குறுக்கு முட்டை மேல்மட்டத்தில் மேலிருந்தே இறுக்க வேண்டும். அதன் பாதுகாப்புக்குள் நின்றுகொண்டு அடுத்ததை இறுக்க வேண்டும். கழற்றும்போது கீழிருந்து மேலே, மண்ணை நிரப்பிக்கொண்டே வர வேண்டும். பின்னேரம் ஐந்து மணிக்கு எல்லோருக்கும் வீட்டு நினைப்பு வந்த பிறகு, முட்டுகளை மொத்தமாக உருவி எடுத்துவிட்டு அப்புறம் நிரப்பலாம் என்ற எண்ணம் வரும். அந்த அரை மணிநேரந்தான் நாளிலேயே மோசமான நேரம். பலகையும் மண்ணும் ஒட்டியிருக்க வேண்டும் என்பதும் முக்கியம். இடைவெளி இருந்தால் மண் அந்த இடைவெளிக்குள் நகர்ந்து வேகம் பிடித்த பிறகுதான் பலகையில் மோதும். தள்ளுவிசையும் நினைப்பதைவிடப் பெரிது: இறுக்கமில்லாத மணல் இரண்டு மீற்றர் ஆழத்தில் ஒவ்வொரு மீற்றர் நீளத்துக்கும் ஏறத்தாழ 1.2 தொன் விசையோடு தள்ளும். ஆழம் நான்கு மீற்றரானால் அது இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகி 4.8 தொன்னாகும். நிலத்தடி நீரும் சேர்ந்தால் இன்னும் கூடும். கமுகந் தடியையும் உடைந்த ரப்பர்ப் பலகையையும் வைத்துச் 'சும்மா ஒரு காட்டலுக்கு' கொடுக்கும் முட்டு, முட்டே இல்லாததைவிட மோசமானது. அதை நம்பி ஆள் இறங்குவார்.

எத்தனை அடிக்கு மேல் முட்டு வேண்டும் என்று என்னிடம் கேட்பவர்கள் ஓர் எண்ணை எதிர்பார்க்கிறார்கள். அமெரிக்கர் 5 அடி என்கிறார்கள். அதற்குக் குறைந்த ஆழத்திலும் சரிவுக்கான அறிகுறி ஏதும் இல்லை என்று தகுதியுள்ள ஒருவர் பார்த்துச் சொன்னால்தான் முட்டில்லாமல் விடலாம் என்று சேர்த்தே சொல்கிறார்கள். அந்த இரண்டாம் பாதியை நம்மவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். பிரித்தானியாவின் 2015ஆம் ஆண்டுக் கட்டுமான ஒழுங்குவிதிகள் எண்ணே சொல்வதில்லை. எந்த ஆழமானாலும் சரிந்து ஆபத்து வராதபடி பார்த்துக்கொள் என்கின்றன. எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. குழாய் பொருத்துபவர் கிடங்குக்குள் நின்று வேலை செய்வதில்லை. முழந்தாளிட்டு, சில வேளை படுத்துக்கூட வேலை செய்கிறார். நாலடிக் கிடங்கில் முழந்தாளிட்டவரின் தலைக்கும் நில மட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நெஞ்சு மண்ணுக்குள்தான் இருக்கிறது. ஆழத்தை அளப்பதென்றால், நிற்பவரின் உயரத்தோடு ஒப்பிட்டு அளக்கக்கூடாது, குனிந்தவரின் நெஞ்சோடு ஒப்பிட்டு அளக்க வேண்டும்.

வெட்டிய மண்ணை எங்கே போடுவது என்பதும் அப்படித்தான். அமெரிக்க விதியில் விளிம்பிலிருந்து குறைந்தது 2 அடி என்று இருக்கிறது. அது மண்கட்டி உருண்டு தலையில் விழாமல் காக்கும். குவியலின் பாரம் சுவரைத் தள்ளுவதை முழுதாகத் தடுக்காது. குவியல் விளிம்பிலிருந்து கிடங்கின் ஆழத்தளவாவது தள்ளியிருக்க வேண்டும் என்பது என் கணக்கு. ஒழுங்கையில் அதற்கு இடமில்லை என்றால் டிப்பரில் ஏற்றி அனுப்புவதுதான் வழி. செலவுதான், இல்லையென்று சொல்லவில்லை. மேலே குவித்த பாரம் கீழே என்ன செய்யும் என்பதைக் கொழும்புக்காரருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டன்று, மீத்தொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனதை நாம் பார்த்தோம். அளவு வேறு, மண்ணின் நியாயம் ஒன்றுதான்.

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் கட்டட வேலைகளுக்கும் பொறியியல் நிர்மாண வேலைகளுக்கும் நீள்கிறது. தொழில் திணைக்களத்தில் அதற்கென்றே பொறியியலாளர்கள் இருக்கிறார்கள். காயப்பட்டவருக்கு 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரத்துக்கான தேசிய நிறுவகம் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. குறை சட்டத்தில் மட்டும் இல்லை. தொழிற்சாலை ஒன்று வருடக்கணக்காக ஓரிடத்தில் நிற்கிறது. பரிசோதகர் இன்று வராவிட்டால் நாளை வரலாம். கிடங்கின் ஆயுளோ ஒரு பகல். காலையில் வெட்டி மாலையில் மூடப்படும் ஒன்றைப் பரிசோதிக்க நாரஹேன்பிட்டியிலுள்ள திணைக்களத்திலிருந்து ஒருவர் புறப்பட்டு வருவதற்குள் அது இருக்காது. ஆகவே, கிடங்கின் விளிம்பில் நிற்பவர்தான் அன்றைய சட்டம். 'தகுதியுள்ளவர்' என்பதற்கு அமெரிக்க விதி தரும் வரையறையில் எனக்குப் பிடித்தது இதுதான்: ஆபத்தை அடையாளம் காணத் தெரிந்திருந்தால் மட்டும் போதாது, உடனே வேலையை நிறுத்தித் திருத்தும் அதிகாரமும் அவர் கையில் இருக்க வேண்டும். அன்று எனக்கு வெடிப்பு தெரிந்தது. ஆட்களை மேலே எடு என்று சொல்லும் அதிகாரம் எனக்கு இருந்ததா என்பது எனக்கே தெரிந்திருக்கவில்லை. நாளுக்கு இத்தனை மீற்றர் குழாய் என்ற கணக்கைத்தான் மாலையில் என்னிடம் கேட்பார்கள்.

அந்தக் கணக்கின் வேர் விலைப்பட்டியலில் இருக்கிறது. நான் கையாண்ட பி.ஓ.கியூ எனப்படும் அந்தப் பட்டியல்களில் பெரும்பாலானவற்றில் தோண்டுதல் என்பது ஒரே வரி: 'முட்டுக் கொடுத்தல், நீர் இறைத்தல் உட்பட' கன மீற்றருக்கு இவ்வளவு. குறைந்த விலைக்குக் கேட்டவருக்கே கொந்தராத்து. அந்த 'உட்பட' என்ற சொல்லுக்குள் இருக்கும் பணத்தை எவர் செலவிடாமல் விடுகிறாரோ அவருக்கே இலாபம். உபகொந்தராத்துக்காரருக்கு இறங்கி வரும்போது அந்தச் சொல்லே காணாமற் போயிருக்கும். முட்டுக் கொடுத்தலை மட்டும் தனி வரியாக்கி, சதுர மீற்றர் கணக்கில் அளந்து, கொடுத்தால் மட்டுமே பணம், கொடாவிட்டால் பணமில்லை என்று வைத்தால் என்ன? இதை ஒரு கூட்டத்தில் சொன்னேன். திட்டச் செலவு கூடிவிடும் என்றார்கள். கூடாது என்றே நினைக்கிறேன். மறைந்திருக்கும் செலவு வெளியே தெரியும், அவ்வளவுதான்.

களத்து மொழியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் குழுவில் பதுளை, ஹட்டன், கொழும்புத் தமிழர்களும் சிங்களவர்களும் கலந்திருப்பார்கள். கிடங்குக்குள் இருப்பவருக்குச் சுவர் அசைவது தெரியாது. மேலே நிற்பவருக்குத்தான் தெரியும். கத்துவதற்குக் கிடைப்பது ஒரு கணம். அந்தக் கணத்தில் 'வெளியே வா' என்பதா, 'எளியட்ட' என்பதா என்று நாக்கு தடுமாறக் கூடாது என்பதற்காக நாங்கள் விசிலுக்கு மாறினோம். ஒரு நீண்ட விசில் என்றால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஏணிக்கு ஓடுவது. ஏணி எந்த ஆளுக்கும் இருபத்தைந்து அடிக்குள் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. குறுகிய கிடங்கில் குழாயைத் தாண்டி இருபத்தைந்து அடி ஓடிப் பாருங்கள், பதினைந்தே அதிகம் என்பீர்கள். விசில் அடிப்பவருக்கு வேறு எந்த வேலையும் கொடுப்பதில்லை. போனில் பேசிக்கொண்டிருந்தால் அவரை மாற்றிவிடுவேன்.

வெடிப்பைக் கண்டால் இப்போது தலையாட்டுவதில்லை. சீமெந்தைக் குழைத்து, வெடிப்பின் குறுக்கே இரண்டு மூன்று இடங்களில் ஒரு விரல் அகலத்துக்குப் பூசி, அது இறுகியதும் நேரத்தை ஆணியால் கீறிவிடுவேன். பூச்சு பிளந்தால் மண் நகர்கிறது. பிளக்காவிட்டால் நகரவில்லை என்று அர்த்தமில்லை. இதுவரை நகரவில்லை என்றுதான் அர்த்தம். ஆகவே பூச்சு முழுதாக இருந்தாலும் முட்டில்லாமல் எவரையும் இறக்குவதில்லை. காலையில் ஒருமுறை, மழை விட்டதும் ஒருமுறை, பஸ்ஸோ டிப்பரோ கிட்ட வந்து போனால் ஒருமுறை, சாப்பாட்டுக்குப் பிறகு ஒருமுறை என்று விளிம்பை நடந்து பார்ப்பேன். 'திருப்தி' என்ற சொல்லை நாட்குறிப்பேட்டில் எழுதுவதை விட்டுவிட்டேன். என்ன கண்டேன் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

இன்னொரு பழக்கமும் வந்திருக்கிறது. அதற்காக என்னைக் கேலி செய்பவர்கள் உண்டு. முட்டு இறுக்கி முடியும்வரை ஏணியைக் கிடங்குக்குள் வைக்க விடுவதில்லை. வைத்திருந்தாலும் மேலே இழுத்துப் போட்டுவிடுவேன். போன மாதம் கிருலப்பனைப் பக்கம் ஒரு வேலை. மழை விட்டிருந்தது, முட்டுப் பலகை ஏற்றிய லொறி பேஸ்லைன் வீதி நெரிசலில் சிக்கியிருந்தது. பாஸ் கையில் நீர்மட்டத்தோடு வந்து, "அஞ்சு நிமிஷம் சேர், மட்டம் மட்டும் பார்த்துட்டு ஏறிடுவான்" என்றார். சுவர் நெட்டென, பொலிவாக, வாளிப் பற்களின் தடம் அழியாமல் நின்றது. நான் ஏணியை இழுத்து மதிலோரம் சார்த்திவிட்டு, பலகை வரட்டும் என்றேன். பாஸ் முணுமுணுத்துக்கொண்டே எல்லோருக்கும் பிளேன்டி வாங்கப் போனார். லொறி வர ஒரு மணிநேரம் ஆயிற்று. சுவர் விழவில்லை.